வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உண்டா?

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நான் மைக்கைப் பிடித்துக் காசநோயைப் பற்றிப் பேசுவதைப் பார்க்கிறவர்கள், "என்ன தைரியம்மா உனக்கு" என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எனக்குத் தைரியம் இருந்திருந்தால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன். பேருந்துகளைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டு எங்கேயாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் படித்தது பொதுக் கொள்கையில் முதுகலை. இரும்புலியூரில் எங்கள் தெருவில் அது என்ன படிப்பு என்று யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. எதிர்வீட்டு மாமா நான் கலெக்டருக்குப் படிக்கிறேன் என்று தானாகவே முடிவு செய்து, தெருவிளக்கு எரியாத குறையை என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பிடித்தது பேருந்து. முடிச்சூர் பக்கம் புதிது புதிதாக முளைத்த நகர்களுக்குள் பஸ் ஏன் போவதில்லை என்றுதான் இறுதியாண்டு ஆய்வு செய்தேன். ஆனால் வேலை கிடைத்தது குரோம்பேட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த சின்னத் தொண்டு நிறுவனத்தில். போக்குவரத்துக்கு அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தார். சுகாதாரத்துக்கான நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் கொடுத்த முதல் வேலை, காசநோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் திட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை. ஆறு பக்கம் எழுதினேன். வீட்டில் இருக்கும் எல்லோரையும், முக்கியமாக ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும், வீட்டு வருகையை இன்னும் வலுப்படுத்த வேண்டும் என்று முடித்திருந்தேன். எங்கள் இயக்குநர் அம்மா வரிக்கு வரி பாராட்டினார். அந்த ஆறு பக்கத்துக்காக நான் ஒரு வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

பிறகு எனக்கு இருமல் வந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. எனக்கு ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ் ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசி என்றேன். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுட்டது, சுடிதார் தோளில் தொளதொளத்தது. அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள், குடித்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கான ஆஸ்பத்திரியின் பெயரால் ஒரு ரயில் நிலையமே உண்டு. தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனுக்கு சானடோரியம் என்று பெயர். இன்று அங்கே ஏறி இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். இருந்தாலும் நான் சின்னவளாக இருக்கும்போது மின்சார ரயில் அங்கே நின்றால், அம்மா முந்தானையால் என் மூக்கைப் பொத்துவாள். வண்டி நகர்ந்த பிறகுதான் எடுப்பாள். அவள் ஏன் என்று சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. அந்தப் பயம் எனக்குள் அப்படித்தான் ஏறியது. பின்னால் படித்த எந்தப் பாடமும் அதை இறக்கவில்லை.

இது என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் பாப்பா இருந்தாள்.

பாப்பா என் அக்காவின் மகள், அப்போது எட்டு மாதம். அக்காவின் கணவர் துபாயில் இருந்தார். பிரசவத்துக்கு வந்த அக்கா எங்களோடேயே தங்கி, பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். காலை ஏழரைக்கு அவள் கிளம்பினால், பத்தரைக்கு நான் ஆபீஸுக்குக் கிளம்பும்வரை குழந்தை என் பொறுப்பு. அப்பா அதற்கு முன்பே வேலைக்குப் போயிருப்பார், அம்மா அடுப்படியில் இருப்பாள். நான் பாப்பாவை மார்பில் போட்டுக்கொண்டு தட்டுவேன், ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். அந்த ஐந்து வாரமும் அவள் தூங்கியது என் மார்பில்தான். நான் இருமினால் தூக்கத்திலேயே ஒரு தரம் உதறிவிட்டு, மறுபடி தூங்குவாள்.

ஒரு நாள் பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் நூல் மாதிரி ரத்தம் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அது போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுத்தேன். மறுநாள் கூப்பிட்டு இருக்கிறது என்று சொன்னார்கள். டாக்டர் நிதானமாகப் பேசினார். சாதாரண மருந்துக்குக் கேட்கிற வகைதான், ஆறு மாதத்தில் சரியாகிவிடும், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். நான் தலையாட்டினேன். மனசுக்குள் ஓடியதெல்லாம் எங்கள் தெரு, எதிர்வீட்டு மாமா, அக்காவின் முகம்.

படிவம் நிரப்ப அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த சுகாதாரப் பணியாளர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கழுத்தில் அடையாள அட்டை, பக்கத்தில் ஹெல்மெட். முதல் கேள்வியே விலாசம். அந்த விலாசம் எதற்கு என்று ஊரில் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொன்னால் இவர் அந்த அட்டையோடு எங்கள் வாசலில் பைக்கை நிறுத்துவார். எதிர்வீட்டு மாமா கேட் அருகே வந்து, யாரு சார் வேணும் என்பார். நான் வலுப்படுத்தச் சொன்ன வீட்டு வருகை அதுதான்.

காலேஜ் சிநேகிதி ஒருத்தி முன்பு வாடகைக்கு இருந்த முடிச்சூர் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். வெள்ளம் வந்த வருஷத்துக் கறை கீழ்ச்சுவரில் இன்னும் இருக்கிற வீடு. அவள் காலி செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"வூட்ல எத்தினி பேரும்மா?"

"நான் மட்டும்தாண்ணா."

"அஞ்சு வயசுக்குக் கீழ கொழந்த எதுனா கீதா?"

"இல்ல."

யோசிக்கக்கூட இல்லை. சாப்பாட்டுக்கு உப்பு வேண்டுமா என்று கேட்டால் சொல்வதுபோல, இல்லை என்றேன். அவர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் கணக்குப் போட்டேன். மாத்திரை ஆரம்பித்து ஒரு இரண்டு வாரம் போனால் பொதுவாக மற்றவர்களுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த இரண்டு வாரம் பாப்பாவைத் தொடாமல் இருந்துவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். படித்தவள் போடுகிற கணக்கு. போன ஐந்து வாரத்தை அதில் சேர்க்கவே இல்லை.

மாத்திரைகளைக் கால்சியம் டப்பாவில் போட்டு வைத்தேன். காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் விழுங்குவேன். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், இருந்தும் கத்திவிடப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரே கழிப்பறை. மூன்று தரம் தண்ணீர் ஊற்றினேன், கீழே குனிந்து பார்த்தேன், மறுபடி ஊற்றினேன். வெளியே அம்மா, "மோட்டார் போட்டு அரைமணிகூட ஆகல, தொட்டிய காலி பண்ணிடாதே" என்று சத்தம் போட்டாள்.

வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டேன், அலர்ஜி என்று சொன்னேன். அது எளிதாகத்தான் இருந்தது. பாப்பாதான் கஷ்டம். காலையில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தவழ்ந்து வருவாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். கதவைத் தட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்து அழுவாள். நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் அக்கா கேட்டேவிட்டாள்.

"என்னடி, என் பொண்ணு உனக்கு பாரமாயிட்டாளா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பதிலுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் என்ன உன் வீட்டு ஆயாவா? பெத்தவ நீ, நீ பாத்துக்கோ" என்றேன். வேண்டுமென்றேதான் அப்படிக் குத்தினேன். கோபித்துக்கொண்டால் குழந்தையை என்னிடம் விடமாட்டாள் அல்லவா? அவள் முகம் சுருங்கிப் போனது. மறுநாளிலிருந்து பெருங்களத்தூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காப்பகத்தில் பாப்பாவை விட ஆரம்பித்தாள். என்னோடு பேச்சை நிறுத்தினாள். எனக்கு அதில் நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

பதினைந்தாம் நாள் பாப்பா இருமினாள்.

அது சின்ன இருமல். அடுத்த அறையில் இருந்த எனக்கும் கேட்டது. அன்றைக்கு எத்தனை தரம் இருமினாள் என்று எண்ணினேன். மறுநாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அக்கா லீவு போட்டு, தெருமுனை கிளினிக்கில் காட்டி, சிரப் வாங்கி வந்தாள். காப்பகத்தில் ஒட்டிக்கொண்ட சளி என்றார்களாம். நான் ஆபீஸ் போகவில்லை. அறைக்குள்ளேயே உட்கார்ந்து, சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு வந்தால் மூளைவரை போகும் என்று படித்திருந்தேன். நான் எழுதிய அறிக்கையிலேயே அந்த வரி இருந்தது.

பதினேழாம் நாள் மத்தியானம் போன் வந்தது. அந்தச் சுகாதாரப் பணியாளர்தான். அக்கா அப்போது மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். பாப்பா விடாமல் அழவே மாஸ்க்கோடு கூடத்துக்கு வந்து, தொடாமல், தூளியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா நீ, நானும் மூணு வாட்டி அந்த முடிச்சூர் வூட்டாண்ட போயிட்டேன். ரெண்டு பசங்க கீறானுங்க. உன்ன யாருன்னே தெர்லன்றானுங்க. பேஜாரா பூச்சும்மா எனக்கு."

"வீடு மாறிட்டேண்ணா" என்றேன்.

"எங்க மாறின?" என்றவர், சட்டென்று நிறுத்தினார். "அங்க அழுவறது யாரு கொழந்த?"

"பக்கத்து வீட்டு குழந்தைண்ணா."

பாப்பா அழுதாள், இடையில் இருமினாள். போனில் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழைப்பைத் துண்டிக்க விரலை வைத்தேன், துண்டிக்க முடியவில்லை.

"பக்கத்து வூட்டுக் கொழந்தையா இருந்தாலும் சரி, யாரு கொழந்தையா இருந்தாலும் சரி" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "இட்டுகினு வாம்மா. நாளைக்கு வரேன், நாளானிக்கு வரேன்னு சொல்லாத. திட்ட மாட்டேன். இட்டுகினு வா."

"எங்க அக்கா குழந்தைண்ணா" என்று சொல்லிவிட்டு, தூளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா சிரப்போடு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. எனக்கு டி.பி., பாப்பாவுக்கும் பார்க்கணும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா முதலில் செய்தது வாசற்கதவைச் சாத்தியதுதான். அக்கா மாத்திரம் அசையாமல் நின்றாள்.

"உனக்கு தெரிஞ்சு எத்தன நாளாச்சு?"

"பதினேழு நாள்."

அக்கா பாப்பாவைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஆட்டோவில் நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பாப்பாவின் இரண்டு கையையும் அக்கா தலைக்கு மேலே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் அலறியது மாடிப்படிவரை கேட்டது. முன்கையில் சின்னதாக ஓர் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இடம் வீங்கினால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா, குளித்தேனா என்று ஞாபகம் இல்லை. அக்கா அந்தக் கையை எனக்குக் காட்டவில்லை. அவள் பாத்திரம் எடுக்கப் போன சமயத்தில் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். தூங்குகிற குழந்தையின் கையில் வட்டமாகச் சிவந்து தடித்திருந்தது.

நோய் வரவில்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, இருமல் வெறும் சளி, நாலு நாளில் போய்விட்டது. ஆனால் கிருமி உள்ளே போயிருந்தது. அது நோயாக மாறாமல் இருக்க ஆறு மாதம் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் அக்காவிடம், "நல்ல வேளை, சீக்கிரம் கொண்டாந்தீங்க" என்றார். அக்கா அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குன்றத்தூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டேன். வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பரிசோதனை நடந்தது, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. தெருவுக்கு எப்படியோ தெரிந்தது. எதிர்வீட்டு மாமா தெருவிளக்குக் குறையை என்னிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார். இத்தனை நாள் நான் பயந்து செத்தது இதற்குத்தானா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஆபீஸில் என் பழைய அறிக்கையை எடுத்துப் படித்தேன். தப்பாக ஒரு வரியும் இல்லை. ஆனால் அதை எழுதியவளே அதற்கு மாறாக நடந்தாள் என்றால் அந்தக் காகிதம் எதற்கு? இயக்குநர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அந்தச் சுகாதாரப் பணியாளரைப் போய்ப் பார்த்தேன். அண்ணா, இப்படிப் பொய் விலாசம் கொடுப்பவர்கள் நிறையப் பேரா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அட்ரஸாவது பரவால்லம்மா, தேடிக் கண்டுபுட்ச்சிடலாம். கொழந்த இல்லன்னு சொல்றாங்க பாரு, அத எங்க போய்த் தேடறது?"

அவரோடு சேர்ந்து அந்தப் படிவத்தை வரிசை மாற்றிப் பார்த்தோம். முதலில் விலாசத்தைக் கேட்டால் ஆள் உஷாராகிவிடுகிறார், அதற்குப் பிறகு வருவதெல்லாம் பொய். ஆகவே முதலில் குழந்தையைக் கேட்க வேண்டும், ஏன் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் எங்கே பார்க்கலாம் என்று நோயாளியையே சொல்லவிட வேண்டும். கோயில் வாசலோ பஸ் ஸ்டாண்டோ, எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். இதைத்தான் இப்போது ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன். பேருந்தை விட்டு நான் இங்கே வந்து சேர்ந்த கதை இவ்வளவுதான்.

முதல் தடவை பேசியது தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அதிகாரிகள், பணியாளர்கள், குணமானவர்கள் என்று ஹால் நிறைந்திருந்தது. குழந்தை இல்லை என்று ஏன் பொய் சொல்கிறார்கள், படிக்காதவர்களா என்று ஓர் அதிகாரி கேட்டார். எழுந்து, "சார், நான் எம்.ஏ., நானும் அப்படித்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்து, பாப்பாவைப் பற்றி முழுவதும் சொன்னேன். உட்காரும்போது முதுகு வியர்வையில் நனைந்திருந்தது.

முடிந்து படியிறங்கும்போது ஒருவர் பின்னாலேயே வந்தார். முப்பது வயது இருக்கும், மாஸ்க் போட்டிருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நெருங்கினார்.

"மேடம், வூட்ல சொன்னா, கொழந்தையத் தூக்கினு அவங்கம்மா வூட்டுக்குப் பூடுவா மேடம்."

பொய் சொல்ல மனசு வரவில்லை. "போனாலும் போயிடுவாங்கண்ணா. எங்க அக்கா போயிட்டாங்க" என்றேன்.

"திரும்பி வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பயமுறுத்திவிட்டேன், அப்படியே நடந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ, "அந்த மாத்திரைய, ஒரு வயசுகூட ஆவாத கொழந்தைக்கு எப்டி மேடம் குடுக்கறது? துப்பிடாதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் பாப்பா அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள், ஒரு நாள்கூட நான் பக்கத்தில் இல்லை. நான் போன் செய்தால் அக்கா எடுப்பாள், அம்மாகிட்ட பேசிக்கறேன் என்று சொல்லி வைத்துவிடுவாள். அன்றைக்கு அவர் முன்னாலேயே அழைத்தேன். எடுத்ததும், அவள் வைத்துவிடுவதற்குள், இங்கே ஒருத்தர் கேட்கிறார், பாப்பாவுக்கு மாத்திரையை எப்படிக் கொடுத்தே என்று வேகமாகக் கேட்டேன்.

தூரத்தில் பாப்பா ஏதோ சொல்வது கேட்டது. அதற்குள் அவளுக்குப் பேச்சு வந்திருந்தது.

"போன அவர்கிட்ட குடு" என்றாள் அக்கா.

கொடுத்தேன். அவர் சுவரோரமாக ஒதுங்கி நின்று, "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணியிலா, எத்தனை ஸ்பூன், துப்பிட்டா மறுபடி குடுக்கணுமா, டாக்டராண்ட கேக்கணுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் கேட்டார். அதற்கு அக்கா வெகுநேரம் பேசினாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். காதில் வைத்துப் பார்த்தேன், அக்கா ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தாள்.